தண்ணீர் மாற்றும் நேரம்

நவம்பர் 18, திங்கள்

என் கல்யாணத்துக்கான பூவை இன்று நானே வெட்டினேன். கார்னேஷன், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நானூறு தண்டு. பாதி விரிந்ததாகப் பார்த்து வெட்டினால் புதன்கிழமை காலை பீடத்தில் முழுசாக மலர்ந்திருக்கும். போஜண்ணனின் பசுமைக்குடிலில் ஏழு வருடமாகப் பூ தரம் பிரிக்கிறேன். இதுகூடத் தெரியாவிட்டால் வேறு என்ன தெரியும் எனக்கு?

"ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் முதல் தரம் கட்டி அனுப்பிச்சவ நீ. உனக்கு ரெண்டாந்தரம் குடுத்தா எம் பேரு நாறிடும் இமெல்டா. இதுதான் எம் மொய்" என்றார் போஜண்ணன்.

ஒரே பூசையில் இரண்டு கல்யாணம். எனக்கும் கோயம்புத்தூர் ரெஜிஸுக்கும். என் தம்பி பெர்க்மான்ஸுக்கும் ரெஜிஸின் தங்கை ஜெசிந்தாவுக்கும். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். பெர்க்மான்ஸும் ஜெசிந்தாவும் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் வீட்டில்தான் "எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் குடுத்தா எங்க பொண்ணை உங்களுக்குக் குடுக்குறோம்" என்றார்கள். அப்பாவுக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. எனக்கும் இருபத்தொன்பது ஆகிவிட்டது.

பூவை ஷெட்டின் குளிர் அறையில் வைத்தேன். உள்ளே நாலு டிகிரி. டவர் கிடையாது, ஃபோன் எடுக்காது. வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தால் ரெஜிஸின் அழைப்புகள் பதினொன்று. கல்யாணத்துக்கு முன்னால் ஆண்களுக்குப் பதற்றம் இருக்கும் என்கிறாள் அம்மா.

நவம்பர் 19, செவ்வாய்

விடிய விடிய மழை. மேட்டுப்பாளையம் சாலையில் இரண்டு இடத்தில் மண் சரிந்திருக்கிறது. மூன்றாவது இடத்தில் சாலையையே காணோம். குன்னூர் வழியும் அடைப்பு. மாப்பிள்ளை வீட்டு வேன்கள் அடிவாரம்வரை வந்து திரும்பிவிட்டன. அப்பா வாசலுக்கும் ஃபோனுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். எதுவும் நின்றுபோனால் அவருக்குக் கை பரபரக்கும்.

ஷெட் பக்கம் மின்கம்பம் சாய்ந்து குளிர் அறை நின்றுவிட்டது. மதியம் போஜண்ணனின் டிரைவர் ஹாலன் ஜீப்பில் எட்டு வாளிப் பூவையும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார். அந்த நேரம் பார்த்து ரெஜிஸ் வீடியோவில் வந்தார்.

"பின்னாடி நிக்கிறவன் யாரு?"

"ஜீப் ஓட்டுறவர். பூ கொண்டாந்தார்."

"கல்யாணம் ஆனவனா?"

"மூணு பிள்ளைங்க" என்றேன்.

ஹாலனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 20, புதன்

இன்று எனக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் பூவை மூடி வந்த சாக்கைத் துவைத்தேன். காயவில்லை.

நவம்பர் 21, வியாழன்

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வந்து வாளிகளைப் பார்த்தார். "வீட்டுல எத்தனை நாள் வச்சிக்க முடியும்? நாளைக்குத் தலை தொங்கிடும்" என்று உச்சுக்கொட்டினார். எனக்குச் சுருக்கென்றது. இந்த மலையில் விளைந்த பூ, வெட்டிய கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறது. பெங்களூர் போய் இரண்டு லாரி மாறி வந்த பூவா இது, தலை தொங்க?

அவரை உட்கார வைத்துக் காட்டினேன். வாளியை முதலில் சோப்புப் போட்டு, நாம் குடிக்கும் டம்ளரைக் கழுவுவதுபோலக் கழுவ வேண்டும். தண்ணீருக்குள் போகிற இலையெல்லாம் கிள்ளிவிட வேண்டும், விட்டால் அழுகி நாறும். தண்டைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு சாய்வாக நறுக்க வேண்டும். கார்னேஷனுக்குக் கணு இருக்கிறது. கணுவில் வெட்டினால் தண்ணீர் ஏறாது, இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்ட வேண்டும். ஒரு வாளிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை ப்ளீச்சிங் பவுடர். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தண்டை ஒரு விரற்கடை திரும்ப நறுக்கினால் போதும்.

"இவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

இவ்வளவுதான். பூவை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். அடுப்படிக்குப் பின்னால் ஸ்டோர் ரூமில் அடுக்கியிருக்கிறேன். கருங்கல் சுவர், ஒரு பக்கம் மலையோடு ஒட்டியது, வெயில் எட்டிப் பார்க்காது. வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். அங்கேயும் ஃபோன் எடுக்காது.

சாயங்காலம் ரெஜிஸ் கேட்டார், "ஒன்றரை மணி நேரம் எங்க போன?" தண்ணீர் மாற்றினேன் என்றேன். "தினம் எத்தனை வாட்டி மாத்தணும்?" மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வாய் தவறி வந்துவிட்டது.

நவம்பர் 22, வெள்ளி

காலை ஏழு, பத்து, ஒன்று, நாலு. நான்கு முறை தண்ணீர் மாற்றினேன். அதாவது ஸ்டோர் ரூமில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் சொன்னபடி நடக்க வேண்டாமா?

ரெஜிஸ் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, பூசை தவறுவதில்லை. சாப்பிட்டாயா என்று மூன்று வேளையும் கேட்கிறார். சாப்பிட்ட தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். இன்று வேலையை விடுகிற கடிதம் எழுதி அதையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கல்யாணத்துக்கு அப்புறம் எழுதலாமே என்றேன். "அப்போ உனக்கு விட மனசில்ல" என்று ஃபோனை வைத்துவிட்டார். அம்மாவிடம் சொன்னேன்.

"உங்கப்பா முப்பது வருசத்துல நான் சாப்ட்டனான்னு கேட்டதில்ல. கேக்குறவன் கிடைச்சிருக்கான், உனக்குக் கசக்குதா?" என்றாள்.

கடிதத்தை எழுதி அனுப்பினேன். போஜண்ணனிடம் கொடுக்கவில்லை. மழையில் அவ்வளவு தூரம் யார் போவது?

நவம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்து அரசர் திருநாள். பூசை முடிந்து ஃபாதர் சவரிநாதன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். வருகிற ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குகிறது. எங்கள் பங்குக் கோயிலில் அந்த நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. "சனிக்கிழமைக்குள்ள ரோடு திறந்தா வைங்க. இல்லாட்டி ஜனவரியிலதான்" என்றார்.

அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. பெர்க்மான்ஸ் வழியெல்லாம் ஃபோனையே பார்த்துக்கொண்டு வந்தான். ஜெசிந்தாவை அடுத்த மாதம் துபாய்க்கு அண்ணன்முறைக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அவர்கள் வீட்டில் பேச்சு அடிபடுகிறதாம்.

ஜனவரி என்று கேட்டதும் நான் வாசல் மழையைப் பார்த்தேன். நன்றாகப் பெய்துகொண்டிருந்தது.

நவம்பர் 25, திங்கள்

தப்பு நடந்துவிட்டது. அம்மா கல்யாண விருந்துக்கு வாங்கிய வாழைத்தார் இரண்டையும், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஸ்டோர் ரூமில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமையே வைத்தாளாம். பழம் பழுக்கிற காற்று கார்னேஷனுக்கு ஆகாது. இதழ்கள் உள்பக்கம் சுருண்டு மூடிக்கொள்ளும். ஷெட்டில் இதைத் 'தூங்குது' என்போம். தூங்கினது தூங்கினதுதான், எழுப்ப முடியாது. வாசல் பக்க இரண்டு வாளி தூங்கிவிட்டது.

"பழத்துக்கும் பூவுக்கும் என்னடி சண்டை? சாமிக்கு ரெண்டையும் ஒண்ணாத்தானே வைக்கிறோம்" என்றாள் அம்மா. அவள்மேல் குற்றமில்லை.

இரண்டு நாளாகத் தார்கள் அங்கேதான் இருந்தன. அந்த முக்காலியில் உட்கார்ந்தால் அவை நேர் எதிரே. நான் பார்க்கவே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். நம்பினாள்.

பிறகு என்னால் முடியவில்லை. தார்களை விருட்டென்று தூக்கி வெளியே போட்டேன். மிச்சம் ஆறு வாளிக்கும் தண்டு நறுக்கி, தண்ணீர் மாற்றி, ஜன்னலைத் திறந்து வைத்தேன். பூ என்ன பாவம் செய்தது?

நவம்பர் 26, செவ்வாய்

சாலை திறந்துவிட்டார்கள். சிறு வண்டிகளும் பஸ்ஸும் மட்டும். சனிக்கிழமை பத்து மணிப் பூசை என்று இரண்டு வீட்டிலும் முடிவாகிவிட்டது. அப்பா எல்லோருக்கும் ஃபோன் செய்தார். "பூ இன்னும் புதுசா இருக்குங்க. எம் பொண்ணு கைராசி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரெஜிஸ் சொன்னார், "சனிக்கிழமைக்கு அப்புறம் இந்தப் பூ சாக்கெல்லாம் கிடையாது."

சாக்கு என்று அவராகத்தான் சொன்னார்.

நவம்பர் 27, புதன்

பெர்க்மான்ஸ் தன் ஃபோனை நீட்டினான். "ஜெசி உங்கிட்டப் பேசணுமாம். டெய்லர் கடையிலேருந்து பேசறா. சீக்கிரம்." வாசல் படியில் போய் நின்று பேசினேன். ஜெசிந்தாவை மூன்றே முறைதான் பார்த்திருக்கிறேன். மெல்லப் பேசுகிற பெண்.

"அண்ணி, அந்தப் பூவுக்கு நிஜமா எத்தனை நாளைக்கு ஒருக்காத் தண்ணி மாத்தணும்?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு மணிக்கு ஒருக்கான்னு அண்ணன் வீட்டுல எல்லார்கிட்டயும் கோவமாச் சொல்லிட்டிருந்தான். நான் புரிஞ்சுக்கிட்டேன். எங்க வீட்டு மாடியில துணி காயப்போடற இடத்துக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு அண்ணி. அங்க டவர் எடுக்காது. நான் காஞ்ச துணியையே ரெண்டாவது தடவை நனைச்சுக் கொண்டுபோய்க் காயப்போடுவேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா போனதுலேருந்து அவன்தான் எல்லாம். காலேஜுக்குப் போனா பஸ்ல உக்காந்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பணும். உங்களைக் கட்டிக்கிட்டா என்னை விட்டுருவான்னு இருந்தேன். அப்படி நெனச்சதுக்கு மன்னிச்சிருங்க. எனக்காகவும் பெர்க்மான்ஸுக்காகவும் வர்றீங்கன்னா வராதீங்க அண்ணி."

"நான் வரலைன்னா உன்னை அனுப்ப மாட்டாங்களே" என்றேன்.

"யாரும் அனுப்ப வேண்டாம். எனக்கு இருபத்தஞ்சு வயசு. பஸ் ஓடுதில்ல" என்றாள்.

டெய்லர் ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். வைத்துவிட்டாள். இத்தனை நாளும் இந்த டைரியில் ரெஜிஸ் கெட்டவர் இல்லை, அக்கறைக்காரர் என்று எழுதி வந்திருக்கிறேன். எனக்கு அவரிடம் பயம். இன்றுதான் எழுதுகிறேன்.

நவம்பர் 28, வியாழன்

காலையில் பெர்க்மான்ஸிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவன் சுவரில் சாய்ந்து கேட்டான். கடைசியில், "அப்போ எனக்கு?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. நானும் ஆறு மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் என்றால் எப்போதோ வாயைத் திறந்திருப்பேன்.

"அவ வர்றேங்கறா" என்றேன்.

"வருவாளா? அவனை மீறி?"

"தெரியல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ எனக்காகப் போய் அங்க மாட்டிக்கிட்டு, நான் இங்க எப்படிக்கா சிரிச்சிட்டு இருப்பேன்" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தில் நான் செத்துப் பிழைத்தேன்.

தேதி மாறியதால் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும் என்று ஃபாதர் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். அக்டோபரில் இதே அறையில்தான் அவர் கேட்டார், இந்தத் திருமணத்துக்கு யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறாயா என்று. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். நான் ஆமாம் என்றேன். இன்று அம்மாவுக்கு முட்டி வலி, வரவில்லை.

ஃபாதர் கண்ணாடியைத் துடைத்தபடி, "பத்து நாளாப் பூவைக் காப்பாத்தி வச்சிருக்கியாமே. அந்தப் பையன் குடுத்து வச்சவன்" என்றார்.

"ஃபாதர், எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, கடிதம், மூன்று மணி நேரம், ஜெசிந்தாவின் மாடி, எல்லாம். நடுவில் அழுதுவிட்டேன்.

"ரெண்டு கல்யாண அறிவிப்பு ஓலையும் கோயில்ல தனித்தனியா வாசிச்சிருக்கு. ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நிக்கணும்னு திருச்சபையில எந்தச் சட்டமும் இல்ல" என்றார். "அந்தப் பொண்ணோட பங்குலேருந்து கடுதாசி ஏற்கெனவே வந்தாச்சு. சனிக்கிழமை அவ வந்து நின்னு சம்மதம்னா கல்யாணத்தை மந்திரிச்சு வைக்க வேண்டியது என் வேலை. உங்கப்பாகிட்டச் சொல்றது உன் வேலை. வேணும்னா கூட வர்றேன்."

வேண்டாம் என்றேன். வரச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 29, வெள்ளி

நேற்றுச் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை.

பத்து மணிக்கு அப்பாவே ரெஜிஸ் வீட்டுக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டார். அதிலிருந்து என் ஃபோன் ஓயவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தது. அப்பா எதிரே உட்கார்ந்து அதையே பார்த்தார். நிற்கும், திரும்ப அடிக்கும். பன்னிரண்டரைக்கு அதைக் கையில் எடுத்துப் பழைய செய்திகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தள்ளிப் படித்தார். அந்தச் சாப்பாட்டுத் தட்டுப் படங்களையும் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஃபேக்டரியில பாய்லரையே நான் மணிக்கு ஒருக்காத்தான் பாப்பேன்" என்றார். "அதுவும் வெடிச்சிரும்னு பயந்து."

ஃபோனை அணைத்து வைத்தார். அம்மாவைப் பார்த்து, "புள்ளைக்குச் சோறு போடு" என்றார்.

ஜெசிந்தாவிடமிருந்து தகவல் இல்லை. பெர்க்மான்ஸ் நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அவள் ஃபோன் அணைந்து கிடக்கிறது. சாயங்காலம் நானும் அவனும் பூவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். முந்நூறு தண்டு, பதினோரு நாள் பூ, ஒரு இதழ்கூடக் கருகவில்லை. பீடத்தில் அடுக்கும்போது அவன் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "வரலைன்னா?" என்றான். "வரலைன்னா நாளைக்குப் பூசைக்கு இருக்கட்டும்" என்றேன். வேறென்ன சொல்ல?

நவம்பர் 30, சனி

எட்டரை மணி பஸ்ஸில் வரவில்லை. ஒன்பது மணி பஸ்ஸிலும் இல்லை. பெர்க்மான்ஸ் புதுச்சட்டையில் பஸ் ஸ்டாண்டில் நின்றான். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்பதேகாலுக்கு ஒரு முட்டைக்கோஸ் டெம்போ வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து ஜெசிந்தா இறங்கினாள். தோளில் ஒரு பை, காலெல்லாம் சேறு.

"பர்லியார்ல பஸ்ஸைத் திருப்பிட்டாங்க" என்றாள். என் தம்பி நடுச்சாலையில் நின்று அழுதான். நல்ல கூட்டம். யாரையும் அவன் கவனிக்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. அவளுக்குக் கல்யாணப் புடவை நாங்கள் எடுத்து வைத்திருந்தது, வீட்டிலேயே இருந்தது. அம்மா கட்டிவிட்டாள். எனக்கு எடுத்த புடவை ரெஜிஸ் வீட்டில் இருக்கிறது. இருக்கட்டும். அம்மா கொசுவத்தைப் பிடித்துக்கொண்டே ஜெசிந்தாவிடம், "காலையில ஏதாவது சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கோயிலில் நுழைந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாருக்குச் சங்கடம். பீடத்துக்கு முன்னால் நாலு நாற்காலி, வெள்ளைத் துணி சுற்றி, நேற்றே போட்டு வைத்திருந்திருக்கிறார். இரண்டு ஜோடிக்கு. ஊரே உட்கார்ந்து அந்த நாலையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எடுப்பதா வேண்டாமா என்று கையைப் பிசைந்தபடி என்னிடம் வந்தார்.

"என்னம்மா பண்றது?"

நானே நடந்து போனேன். பின்னால் குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. கேட்கட்டும். ஒரு நாற்காலியை ஓரமாகச் சுவரோடு போட்டேன். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பா அம்மா இருந்த வரிசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். மணப்பெண்ணுக்கு என்று மெத்தை வைத்துத் தைத்த நாற்காலி. பூசை முடியும்வரை அதிலேயே இருந்தேன். நல்ல வசதியாக இருந்தது.